கடைசி ஸ்டேஷன் வரலட்சுமி

வரலட்சுமிக்குத் துடைப்பம் பிடிக்கிற வேலை என்றுதான் பேர். உண்மையில் அவள் பார்ப்பது ஆளை எழுப்புகிற வேலை. ஏர்போர்ட்டில் கிளம்புகிற மெட்ரோ ரயில் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு எங்கள் விம்கோ நகர் பணிமனை ஸ்டேஷனில் வந்து நிற்கும். பயணிகளுக்கு அதுதான் கடைசி. எல்லோரும் இறங்குங்கள் என்று ஒலிபெருக்கி தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லிப் பார்க்கும். அப்படியும் பெட்டிக்கு ஒருத்தராவது தலை தொங்கிப்போய்த் தூங்கிக்கொண்டிருப்பார். வெளியே அனல் அடிக்கிற ஊரில் ஏசி காற்று முகத்தில் பட்டால் யாருக்குத்தான் கண் சொருகாது? வண்டி மறுபடி கிளம்புவதற்குள் அவர்களை எழுப்பி இறக்கிவிட்டு, குப்பையைப் பொறுக்கி, மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸையும் குடையையும் கன்ட்ரோல் ரூமில் சேர்க்க வேண்டும்.

எழுப்புவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஆம்பளையாக இருந்தால் பக்கத்துக் கம்பியில் துடைப்பக் கட்டையால் நங்கென்று ஒரு தட்டு. பொம்பளையாக இருந்தால் பக்கத்தில் குந்தி, "கண்ணு, ஊரு வந்துச்சி" என்பாள். பெரிய பையோடு தனியாக வந்த சின்ன வயசுப் பெண்ணாக இருந்தால் முதலில் காலைப் பார்ப்பாள். வீட்டுச் செருப்பு என்றால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள். புதுச் செருப்பு என்றால் எவனையோ நம்பி வந்தவள். இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது என்று அவளுக்குப் பெருமை.

கடைசி ஸ்டேஷன் என்பதால் அப்படிப்பட்ட பெண்கள் எங்கள் பக்கம் வருவது உண்டு. எங்கே போவது என்று தெரியாமல் ரயில் ஏறினால் வண்டி நிற்கிற இடத்தில்தானே வந்து நிற்பார்கள். வரலட்சுமி அவர்களை எடுத்த எடுப்பில் எதுவும் கேட்கமாட்டாள். முதலில் சோறு, அப்புறம் தூக்கம், அதற்கு அப்புறம்தான் "உங்கம்மா நம்பர் இன்னா?" இது அவள் கண்டுபிடித்தது இல்லை. எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். வீட்டை விட்டு வந்த பெண்ணிடம் வாசலிலேயே விசாரணை வைத்தால், அவள் அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள், அந்த வாசல் எப்படிப்பட்டதோ யாருக்குத் தெரியும்.

நான் அவளுக்கு எதிர் வீட்டுக்காரி. எர்ணாவூர் குடியிருப்பில் இரண்டாவது மாடி. மாதவரத்தில் ஒரு லாரி ஆபீஸில் பில் போடுகிறேன். எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்று மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், இல்லையென்றால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வரலட்சுமி அவர்கள் கையில் மாட்டுவதற்கு முன்னால் நானே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஊரார் பெண்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறவளின் சொந்த மகள் வீட்டில் இல்லை. அதைச் சொல்லாமல் வரலட்சுமியைச் சொல்ல முடியாது. மகள் பெயர் மகிழினி. கிண்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். கூட வேலை செய்கிற இரண்டு பெண்களோடு சேர்ந்து ஆலந்தூரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கப் போகிறேன் என்றாள். காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. தினமும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைய முடியவில்லை, எனக்கென்று ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். வரலட்சுமி தாம்தூம் என்று குதித்தாள். கல்யாணம் ஆகாத பெண் தனியாக வாடகை வீட்டில் இருந்தால் அதற்கு ஊரில் என்ன பேர் தெரியுமா என்று கேட்டாள். கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆத்திரத்தில் அந்தப் பேரையும் சொல்லிவிட்டாள். எதிர் வீட்டில் எனக்கே காது கூசியது.

மறுநாள் மகிழினி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மா டியூட்டியில் இருந்த நேரம். பஸ்ஸில் போயிருக்கலாம், போகவில்லை. அம்மா வேலை செய்கிற அதே ஸ்டேஷனில்தான் வந்து ரயில் ஏறினாள். ஒரு வார்த்தை கூப்பிடுவாள் என்று நினைத்துத்தான் அங்கே வந்தாள் என்று நான் சத்தியம் செய்வேன். அப்போதுதான் பெருக்கி முடித்த பெட்டியில் மகள் ஏறி உட்கார்ந்ததை வரலட்சுமி பார்த்தாள். பார்த்துவிட்டு, பளிச்சென்று இருந்த தூணை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். கதவு மூடிக்கொண்டது.

அதோடு ஐந்து மாதம் பேச்சு இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் மகளுக்குப் பெங்களூரில் டிரெயினிங் என்று வரலட்சுமி சொல்லிவைத்தாள். ஆலந்தூர் அதே லைனில்தான் இருக்கிறது, வண்டி மாறக்கூட வேண்டாம். மகள் வருவாளா, தான்தான் போக வேண்டுமா, போனால் கதவைத் திறப்பாளா, இதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. வாயைத் திறந்து சொல்லத்தான் மாட்டாள். வீம்பில் எங்கள் குடியிருப்பில் அவளுக்குத்தான் முதல் பரிசு.

இப்படி இருக்கும்போதுதான், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில், ரயிலில் ஒரு பெண் தூங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். முதுகில் மாட்டுகிற பெரிய பை ஒன்றை மடியில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் மேலேயே தலை சாய்த்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. வழக்கம்போல வரலட்சுமி காலைப் பார்த்தாள். செருப்பே இல்லை. கணுக்கால் வரை கயிறு கட்டிய கனமான ஷூ. அவள் கணக்கில் ஷூவுக்கு இடம் கிடையாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, அவசரத்தில் அண்ணன்காரன் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

அந்தப் பெண் ஓடி வரவே இல்லை. அவள் பெயர் யுகேஸ்வரி. மலேசியாவில் கிள்ளான் என்ற துறைமுகப் பட்டணத்துத் தமிழ்ப் பெண். ஒரு பையை மாட்டிக்கொண்டு தமிழ்நாட்டைத் தனியாகச் சுற்றிப் பார்ப்பது என்று கிளம்பி, முதலில் சென்னையில் இறங்கியிருந்தாள். சின்ன வயதிலிருந்து அவள் வீட்டில் டிவியைப் போட்டால் சென்னைதான். ஊரில் அவளைப் பார்க்கிறவர்கள் "இந்தியாவா" என்று கேட்பார்களாம். சென்னைக்குப் போனால் அந்தக் கேள்வி இருக்காது, எல்லோரும் நம் மாதிரி இருப்பார்கள், கும்பலோடு கும்பலாக நடக்கலாம் என்று ஆசை ஆசையாக வந்திருக்கிறாள்.

வந்த இடத்தில் ஆட்டோக்காரர் முதல் பூக்கடைக்காரி வரை "ஸ்ரீலங்காவா?" என்றார்கள். மலேசியா என்றால், "பரவாயில்லையே, தமிழ் நல்லா பேசுறீங்களே" என்றார்கள். பாராட்டுதான். ஆனால் அந்தப் பாராட்டு அவளுக்கு அறை விட்டது போல இருந்திருக்கிறது. என் அம்மா பேசுகிற பாஷையை நான் பேசுவதற்கு யார் எனக்குச் சர்டிபிகேட் கொடுக்கிறது என்று பின்னால் எங்களிடம் கேட்டாள். மெரினாவில் மணல் சுட்டது, குதிரைக்காரன் விடாமல் பின்னாலேயே வந்தான். தி.நகரில் இடித்துத் தள்ளியதில் கண்ணாடி உடைந்தது. இதெல்லாம் கூடப் போகட்டும். இன்டர்நெட்டில் பதிவு செய்து வைத்திருந்த லாட்ஜில், கூட யாரும் வரவில்லையா என்று கேட்டுவிட்டு ரூம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்ததிலும் அதேதான். மூன்றாவதாக ஒரு இடத்தில் மட்டும் கிடைத்தது. ஆனால் ராத்திரி முழுக்க யாராவது கதவைத் தட்டித் தண்ணி வேணுமா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். விடிந்ததும் அறையைக் காலி செய்துவிட்டு மெட்ரோவில் ஏறி, யாரும் எதுவும் கேட்காத குளிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்த கையோடு தூங்கியும் போய்விட்டாள்.

வரலட்சுமி பக்கத்தில் குந்தினாள்.

"கண்ணு, ஊரு வந்துச்சி. ஏந்துரு."

அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்து பையை இறுக்கிப் பிடித்தாள்.

"சாரிக்கா, இங்கே உட்காரக்கூடாதா?"

"யாரு கூடாதுன்னது? வண்டிதான் கெளம்பப் போவுது. எறங்கு. நாஸ்டா துன்னியா?"

நாஸ்டா என்றால் காலைச் சாப்பாடு என்று அவளுக்குத் தெரியாது. துன்னியா என்பது மட்டும் புரிந்தது.

"இன்னும் பசியாறலக்கா."

கிள்ளானில் பசியாறுவது என்றால் வெறும் சாப்பிடுவதுதான், ஆனால் பசியாறல என்று காதில் விழுந்ததும் வரலட்சுமி உருகிப்போனாள். தென் மாவட்டம், நல்ல இடத்துப் பெண், பட்டினியாக வந்திருக்கிறது. கேள்வியே கேட்காமல் கையைப் பிடித்து இறக்கி, தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவள் மடியில் வைத்தாள். பழைய சோறும் மாங்காய் ஊறுகாயும். அந்தப் பெண் சாப்பிடச் சாப்பிட, இவள் எதிரில் நின்று திட்டிக்கொண்டே இருந்தாள். மூஞ்சியைப் பார், எத்தனை நாளாகத் தலை வாரவில்லை, இவ்வளவு பெரிய பையை எதற்கு இஸ்துகினு அலையுற, முதுகு என்னாத்துக்கு ஆகும். டியூட்டி முடிகிற வரை பணியாளர் அறையில் உட்கார வைத்துவிட்டு, மத்தியானம் ஷேர் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இவ்வளவுக்கும் அந்தப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். ஆட்டோவிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டதாம், இந்த அக்கா தன்னை வீட்டை விட்டு ஓடி வந்தவள் என்று நினைத்திருக்கிறாள் என்று.

"சொல்லியிருக்கலாம்தான். ஆனா சென்னைக்கு வந்ததிலேருந்து என்னை எந்த நாடுன்னு கேட்காத முதல் ஆளு அவங்கதான். பக்கத்துத் தெரு பொண்ணைத் திட்டுற மாதிரி திட்டினாங்க. எனக்கு நல்லா இருந்துச்சு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டுப் போவோமேன்னு இருந்துட்டேன்."

எங்கள் குடியிருப்பில் செய்தி பரவ மாடிப்படி ஒன்று போதும். வரலட்சுமி வீட்டுக்கு ஓடி வந்த பெண் ஒன்று வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி மாற்றுத்துணி கொடுத்தாள், ஒருத்தி எறா குழம்பு கொடுத்தாள், நான் மோர் கொடுத்தேன். கீழ் வீட்டுக் குமாரவேல் அண்ணன் மட்டும் புத்திமதி கொண்டுவந்தார். அவர் யூனியனில் இருந்தவர், ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"த பாரும்மா, லவ்வு தப்பில்ல. ஆனா பையன் ஸ்டேஷன்ல நிக்காம உன்ன மட்டும் ரயில் ஏத்தி உட்டான் பாரு, அங்கயே அவன் யாருன்னு தெரிஞ்சிபோச்சி. அவன மற."

"சரிங்க அண்ணே, மறந்துட்டேன்" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

இவ்வளவு சுலபமாகத் தன் பேச்சு எடுபட்டதில் அண்ணனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அன்று காற்று வடக்கேயிருந்து அடித்தது. வடக்குக் காற்று என்றால் அத்திப்பட்டு பக்கத்து அனல் மின் நிலையச் சாம்பல் எங்கள் கொடித்துணியில் இருக்கும். வரலட்சுமி ஓடிப்போய்த் துணியை எடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். வெளி ஆள் வந்திருக்கிற நேரத்திலா இந்தக் கலீஜ் காற்று அடிக்க வேண்டும் என்று அவளுக்கு மானம் போயிற்று. அந்தப் பெண்ணோ ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, கீழே வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கள் ஊரிலும் வாசலைத் திறந்தால் இதே லாரிதான், இதே டீசல் நாற்றம்தான் என்றாள். பத்து நிமிஷம் கழித்து அவளும் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நானும் அந்தக் கேமராக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவேன்.

சாயங்காலம் வரலட்சுமியின் புருஷன் லோகநாதன் வந்தார். கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். அதிகம் பேசாதவர். அவருக்கு இந்தச் சோறு, தூக்கம், விசாரணை என்ற வரிசை எல்லாம் தெரியாது. வந்ததும் நேராகக் கேட்டுவிட்டார்.

"எந்த ஊரும்மா?"

"கிள்ளான் அங்கிள்."

"அது எங்க கீது? விழுப்புரம் தாண்டியா?"

"இல்ல அங்கிள். கடல் தாண்டி. மலேசியா."

வரலட்சுமி கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்தப் பெண் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன், ஓடி வரவில்லை, நீங்கள் சோறு போட்டதும் எனக்குச் சொல்ல மனம் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வரலட்சுமிக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஊரு சுத்த வந்தியா? தனியாவா? உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்கா."

"டபாய்க்காத. எந்த அம்மா அனுப்புவா? போன் போடு. இப்பவே போடு. நான் பேசறேன்."

அந்தப் பெண் போட்டாள். வீடியோவில் அவள் அம்மா வந்தார். சமையல்கட்டில் நின்றுகொண்டு ஏதோ வதக்கிக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் முதல் கேள்வி, "பசியாறிட்டியா?" மகள் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் வரலட்சுமியைக் கூப்பிட்டு, என் பிள்ளைக்குச் சோறு போட்டீங்களே, நீங்க நல்லா இருக்கணும் என்றார். வரலட்சுமி விடவில்லை.

"அது சர்தான்மா. வயசுப் பொண்ண எப்டி தனியா உட்டீங்க? பயமா இல்ல?"

"பயந்தாங்க. அது போன நாள்லேருந்து நான் சரியா தூங்கலை. ஆனா போகாதேன்னு சொன்னா போகாம இருக்குமா? சொல்லாம போகும். சொல்லிட்டுப் போனா தினமும் நான் போன் பண்ணலாம் பாருங்க." எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவில் அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு."

"எங்கே இருக்கு?"

வரலட்சுமிக்குப் பெங்களூர் என்ற அந்தப் பொய் வாய்வரை வந்தது. லோகநாதன் எதிரில் இருந்தார். நான் இருந்தேன். எங்களை அவள் பார்க்கவில்லை. போனிலிருந்த அந்த முகத்தை மட்டும் பார்த்தாள். எங்கள் ஆட்களிடம் ஐந்து மாதமாகச் சரளமாகச் சொன்ன பொய், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, இனிமேல் வாழ்க்கையில் பார்க்கப்போவதே இல்லாத ஒரு பொம்பளையிடம் வரவில்லை.

"இங்கதான். ஆலந்தூர்ல" என்றாள். போனை அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டு அடுப்பிடம் போய்விட்டாள்.

சாதம் வடித்தாள், அப்பளம் பொரித்தாள், பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அந்த லாட்ஜில இன்னா கேட்டான்? ஒண்ணு உடாம சொல்லு."

அந்தப் பெண் சொன்னாள். கூட யார் என்று கேட்டார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். அப்பா நம்பரைக் கொடு, அவரிடம் பேசிவிட்டு ரூம் தருகிறோம் என்றார்கள். அப்பா செத்துப்போய்விட்டார் என்றதும் மேலேயிருந்து கீழே வரை ஒரு பார்வை பார்த்தார்கள். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எதுக்கு சிரிச்சானுங்க?"

"தெரியலக்கா. ஆனா அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்புன்னு பொம்பளைங்களுக்குத் தெரியும்லா."

அப்போது லோகநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மகிக்கும் அதான் நடந்திச்சி. இங்கேந்து போயி எத்தினியோ வூடு ஏறி எறங்கிச்சி. தனியா பொண்ணுங்களான்னு ஒருத்தன், எர்ணாவூரான்னு ஒருத்தன். ஊரு பேரச் சொன்னதும் வூடு இல்லன்னுட்டானுங்களாம். அப்பால கூட கீற பொண்ணு பேருலதான் எடுத்துச்சி."

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

"டெய்லி பேசிகினுதான் கீறேன்."

ஒரு பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் எழுந்து என் வீட்டுக்குப் போகப் பார்த்தேன். சண்டை வரவில்லை.

"என்னான்ட சொல்லவே இல்லியே நீ" என்றாள் வரலட்சுமி, குரலே எழும்பாமல்.

"நீ கேக்கவே இல்லியே."

அவள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எவனோ ஒரு வீட்டுக்காரன் வாசலில் நின்று தன் மகளைப் பார்த்து அப்படிச் சிரித்திருப்பான், அவன் சிரிப்பதற்கு முன்னாலேயே தான் அந்தப் பேரைச் சொல்லி அனுப்பிவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கண்டவனிடமிருந்தெல்லாம் மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். மலேசியாப் பெண் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வரலட்சுமி லீவு போட்டாள். விடியற்காலையிலேயே எறா தொக்கு வதக்கி ஒரு டப்பாவில் அடைத்து, கட்டைப்பையில் வைத்தாள். என் வீட்டுக்குள் நுழைந்து, நீயும் வா என்றாள். எதற்கு என்று கேட்டேன். இந்தப் பெண்ணுக்குத் தங்க இடம் இல்லை, இங்கே ஒரே ரூம், மனுஷனுக்கு அசௌகரியம், மகிழினி வீட்டில் விடலாம் என்று இருக்கிறேன் என்றாள். மனுஷன் மொட்டை மாடியில் நிம்மதியாகத் தூங்கி எழுந்து வந்திருந்தார். வீம்புக்காரர்கள் இறங்கி வருவதற்கு ஒரு படி வேண்டும், அந்தப் படியாக இந்தப் பெண் வந்து வாய்த்திருக்கிறாள், நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அங்கே வேலை செய்கிற பெண்கள், இன்னாக்கா ஜோரா புடவை கட்டிகினு எங்க என்று கேட்டார்கள். "என் பொண்ணு வூட்டுக்கு" என்று ஸ்டேஷனே கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டாளே தவிர, வண்டி கிளம்பியதும் முகம் வெளிறிவிட்டது. அவள் ரயில் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கை சும்மா இருக்க முடியாமல் பக்கத்தில் கிடந்த காகிதத்தைப் பொறுக்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

"கதவத் தொறக்கலன்னா?" என்றாள் என்னிடம், தண்டையார்பேட்டை வருவதற்குள் இரண்டு தடவை.

மலேசியாப் பெண் பேச்சை மாற்றுவதற்காகச் சென்னையைத் திட்ட ஆரம்பித்தாள். மெரினா சுத்தமில்லை, ஆட்டோ அநியாயம், யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இன்னமும் தோன்றுகிறது என்றாள். வரலட்சுமிக்கு உடனே உயிர் வந்துவிட்டது.

"ஐய, ரெண்டு நாள் பாத்துட்டு திட்டக்கூடாது. நாங்க பொறந்ததுலேந்து திட்டிகினு கீறோம். நீயும் ஒரு மாசம் இரு. அப்பால திட்டு. ஒயுங்கா திட்டலாம்."

அந்தப் பெண் சிரித்தாள். ஒரு மாதம் முடியாது, ஒரு வாரம் வேண்டுமானால் இருந்து பார்க்கிறேன், அதற்கப்புறம் தஞ்சாவூர் என்றாள். சென்னையைப் பிடித்திருக்கிறது என்று கடைசி வரை அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆலந்தூரில் இறங்கி, லோகநாதன் சொன்ன அடையாளத்தை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்தோம். மாடியில் பின்பக்கத்து வீடு. வாசலில் மூன்று ஜோடி செருப்பு கிடந்தது. அதில் மகிழினியின் செருப்பு எது என்று வரலட்சுமிக்குத் தெரிந்தது, அதன் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றிவிட்டாள். காலிங் பெல்லை அழுத்தக் கை வரவில்லை. நான்தான் அழுத்தினேன்.

மகிழினி கதவைத் திறந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, சீப்பு தலையிலேயே இருந்தது. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெரிய பையோடு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ரயிலில் வரும்போது வரலட்சுமி மனதுக்குள் என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தாள், உதடு அசைந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன். அதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இந்தப் பொண்ணு மலேசியாவுலேந்து வந்துகீது" என்றாள். "தனியா வந்ததால ஒருத்தனும் எடம் குடுக்க மாட்றான். நல்ல பொண்ணு. ஒரு வாரம் உன் வூட்ல வச்சிக்கிறியா?"

மகிழினி சீப்பைத் தலையிலிருந்து எடுத்தாள். "கூட கீற பொண்ணுங்கள ஒரு வார்த்தை கேக்கணும்" என்றாள். "ஒத்துக்குவாங்க. வரச் சொல்லு."

யுகேஸ்வரி உள்ளே போனாள். நான் நகர்ந்து மாடிப்படியில் இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டேன். வரலட்சுமி அங்கேயே நின்றாள். வாசற்படிக்கு வெளியே, கட்டைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் தட்டாமல் நுழைகிறவள் அவள்.

"அதுக்கு ஒரு வாரம்" என்றாள். "எனக்கு இன்னிக்கி ஒரு நாளு எடம் கீதா, மகி?"

மகிழினி குனிந்து அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கினாள். இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.